விரிப்பின் மறுமுனை

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே எப்படி என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

இருபத்தொன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன் என்றால் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாற்பது பேர் வேலைநிறுத்தம் என்று வாசலில் நின்றபோது நீ ஒருத்தி மட்டும் உள்ளே போனாயே, அதை மறக்கவில்லை. நீ எடுத்துப் போன என் கத்தரிக்கோலையும் மறக்கவில்லை. பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. பேத்தியின் நச்சரிப்பு தாங்காமல் எழுதுகிறேன். போன் பண்ணத்தான் சொன்னாள். உனக்குப் போனில் கேட்காது என்று உன் மகன் சொன்னானாம். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் நின்ற அதே தொட்டி எதிரே பேத்தி நின்றாள், போன மாசம் வரைக்கும். கூடத்தை இப்போது ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்திருக்கிறார். சட்டைக்குக் கஞ்சி, முகத்துக்கும் கஞ்சி. ஊரில் உள்ள விடுதிகளின் துணியையும் இங்கேயே கொண்டுவந்து கொட்டுகிறார். அதனால் வார்டு விரிப்பை உதறிப் பார்க்க நேரமே கிடையாது. விரிப்புக்குள் ஊசி கிடக்கிறது. கையுறை கேட்டால், "கை கழுவத்தான் இவ்வளவு சோப்பு இருக்கே" என்கிறாராம். பேத்தியின் உள்ளங்கையில் ஒரு ஊசி ஏறிவிட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாசம் கழித்து ஒரு தடவை, ஆறு மாசம் கழித்து ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டுமாம். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளும் இன்னும் இரண்டு பேரும் கையுறை கேட்டு மனுக் கொடுத்தார்கள். மூன்று பேரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்.

இப்போது எல்லோரும் சேர்ந்து ஒரு மனு. பழைய ஆட்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவ உள்ளே போன ஆளுடி" என்றேன். "உள்ளே போன கையை மட்டும் ஊசி குத்தாதா பாட்டி?" என்கிறாள். வாய், அப்படியே அவள் அம்மா வாய்.

காகிதம் இதோடு இருக்கிறது. போட்டால் போடு. என் இடது கை எழுத்து, மை இழுவியிருக்கும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றதற்கு அந்தக் கைதான் காரணம். அந்த வாத்தியாரையும் நான் இன்னும் விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதி முடிப்பார்கள். பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலியைத் தள்ளிவிட்டால் நான் நலம். இடது காது கதை உனக்குத் தெரியும். வலது காது இப்போது அதற்குத் துணை போகப் பார்க்கிறது.

உன் எழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கவில்லை. இரண்டு நாள் தையல் மிஷின் மேலேயே வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேத்தியிடம் கையைச் சுடுதண்ணீரில் அதிகம் வைக்க வேண்டாம் என்று சொல்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாயே? வார்டுத் துணியை நிறுத்த வேண்டாம். போன தடவை எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஒரு வாரத்தில் ஊரே நம்மைத் திட்டியது, தோற்றோம். இந்தத் தடவை வார்டு விரிப்பைத் துவைத்துக் கொடுத்துவிடுங்கள். விடுதித் துணியை மட்டும் தொடாதீர்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. வலிக்க வேண்டியவருக்கு வலிக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்காதே.

கத்தரிக்கோல் இங்கேதான் இருக்கிறது. இன்னும் நன்றாக வெட்டுகிறது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கச்சி

மார்ச் 8

தங்கச்சிக்கு,

இங்கே நலம். உன் முட்டிக்கு என்ன தடவுகிறாய்?

வார்டுத் துணி விஷயத்தைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. "பாட்டி, உனக்கா இது தோணிச்சு?" என்று பேத்தி மட்டும் ஒரு மாதிரிப் பார்த்தாள். கேட்டது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை ஆரம்பித்தோம். காலையில் ஆறு மணிக்கு எல்லோரும் உள்ளே போய் வார்டு விரிப்பு முழுவதையும் துவைத்து, பிழிந்து, காயப்போட்டுவிடுகிறார்கள். வேலை போன மூன்று பேரும் பழைய ஆட்களும் வாசலில் உட்கார்ந்திருப்போம். பத்து மணிக்கு அவர்களும் வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்துவிடுவார்கள். விடுதி மூட்டை ஒன்றுகூட அவிழ்க்கப்படாமல் கிடக்கிறது. கஞ்சிச் சட்டை முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் கத்தினார். வார்டுத் துணி நின்றால் ஒப்பந்தமே போய்விடும், அதனால் எங்கள் ஆட்களை உள்ளே விடாமலும் இருக்க முடியவில்லை. இப்போது வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கொண்டுவருகிறார், விடுதித் துணிக்கு.

பேத்தி ஒரு கிழிந்த விரிப்பில் மூன்று வரி எழுதி வாசலில் கட்டியிருக்கிறாள். கையில் கல் கூடாது. வாயில் வசவு கூடாது. உள்ளே போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதற்கு எல்லோரும் சத்தியம் பண்ண வேண்டுமாம். "வசவு கூடாதுன்னா நான் அங்கே வந்து என்னடி பண்றது?" என்று கேட்டேன். "தண்ணி கொடு" என்றாள். குடமும் நான்கு டம்ளரும் என் பொறுப்பு. வேனில் வருகிறவர்களுக்கு நான் என் கையால் தண்ணீர் கொடுக்கிறேன். பச்சைக் குடை வைத்திருக்கிற ஒருத்தி மட்டும் தினமும் வாங்கிக் குடிக்கிறாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

உனக்கு அன்றைக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முட்டியைக் குளிரில் வைக்காதே.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மகன் ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறான். நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வலி கேட்கிறது.

யோசனை யாருடையதாக இருந்தால் என்ன, துணி வெளுத்தால் சரி.

இவ்வளவு நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். நான் போன பிறகு நீ யாரோடு சேர்ந்து விரிப்பு மடித்தாய்? விரிப்பு மடிக்க எதிரே ஒரு ஆள் வேண்டும். இடது கைக்காரி எதிரே நின்றால் மற்றவர்களுக்கு எல்லாம் முறுக்கிக்கொள்ளும். உன்னோடு முறுக்காமல் மடித்தது நான் ஒருத்திதான். இங்கே வீட்டில் விரிப்பு மடிக்கும்போதெல்லாம் எதிரே இருப்பவர் தப்பாகப் பிடிக்கிற மாதிரியே எனக்கு இருக்கும். பிறகுதான் புரிந்தது, தப்பாகப் பிடிப்பது நான்.

பச்சைக் குடைக்காரிக்கு இன்னொரு டம்ளர் கொடு, என் கணக்கில்.

உன் தங்கச்சி

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் கால் கட்டைவிரல் தவிர. நகம் போய்விட்டது, வீங்கியிருக்கிறது. அதன் மேல் ஒரு கல் விழுந்துவிட்டது.

கல் எங்கிருந்து விழுந்தது என்று கேட்பாய். கையிலிருந்து. கைக்கு எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. கஞ்சிச் சட்டையின் ஆள் ஒருத்தன் இறங்கி, என் குடத்தைக் காலால் உதைத்தான். தண்ணீர் முழுவதும் என் மடியில். பக்கத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை, சத்தியம் பண்ணியிருக்கிறார்களே. நானும் பண்ணியிருக்கிறேன். பார்த்தால் என் கை தலைக்கு மேலே இருக்கிறது, அதில் கல். அந்த நேரம் பார்த்து வேன் ஜன்னலில் பச்சைக் குடைக்காரி அந்தப் பக்கம் திரும்பினாள். எனக்கு அவள் காது மட்டும் தெரிந்தது.

கல்லை விட்டுவிட்டேன்.

பேத்தி வந்து என் முன்னால் நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. "பாட்டி, மூணு நாள் நீ வாசலுக்கு வரக் கூடாது." "எறியலையேடி!" "எடுத்தே இல்ல?" என்றாள். நாற்பது பேர் முன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நான் தூக்கி வளர்த்தவள். குளிக்க வைத்தவள். இதையும் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வந்து கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டாள். அவளுடைய மூன்று மாச ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது, ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்று பாக்கி.

நீ யாரோடு மடித்தாய் என்று கேட்டாய். யாரோடும் இல்லை. ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு ஒற்றை ஆளாக மடித்தேன், வேலையை விட்டு வரும் வரைக்கும்.

அக்கா

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

கட்டைவிரலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

கல் எந்தக் கையில் இருந்தது?

தங்கச்சி

மே 19

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கிற தைரியம் இன்றைக்கு இல்லை.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் கல்லைப் பற்றியே எழுதவில்லை. இரண்டாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் போலீஸ், அன்றைய கூட்டம், எல்லோர் பெயரையும் இழுத்திருந்தேன், என்னைத் தவிர. ஒரு மாசம் ஓடிவிட்டது.

இடது கை.

இந்தத் தடவையும் இடது கை, அந்தத் தடவையும் இடது கை. நீ சாப்பாட்டுப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குள் போனாய். எல்லோரும் கத்தினார்கள். சிலர் மண்ணை வாரி எறிந்தார்கள். கல் எறிந்தது நான். மிரட்டத்தான் எறிந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிரட்டுகிறவள் தரையைப் பார்த்து எறிவாள். நான் உன்னைப் பார்த்து எறிந்தேன். நீ காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாய், விரல் வழியாக ரத்தம். பாத்திரம் உருண்டு என் காலடிக்கே வந்தது. எடுத்துத் திருப்பிக் கொடுக்கக்கூட இல்லை.

யார் எறிந்தது என்று போலீஸ் கேட்டதற்கு, வெயிலில் கண் கூசியது, பார்க்கவில்லை என்று சொன்னாய். அதை நம்பித்தான் உன் மேல் இவ்வளவு நாள் கோபமாக இருக்க முடிந்தது. நீ பார்த்திருந்தால் நான் எந்த முகத்தோடு கோபப்படுவது?

வாசலில் இப்போது எழுபத்தெட்டாம் நாள். நான் மறுபடி தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். பேத்திக்கு இதை இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

நாற்பது நாளாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்கு முட்டிவலி காரணம் இல்லை.

அன்றைக்கு வெயிலே இல்லை. விடிந்ததிலிருந்து மேகம் மூடியிருந்தது. போலீஸ்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். நீயும் அங்கேதான் நின்றாய்.

பார்த்தேன் அக்கா. பார்க்கவே வேண்டியதில்லை. பதினாலு வருஷம் விரிப்பின் அந்த முனையில் உன் கை எப்படி எழும், எப்படி இறங்கும் என்று எதிரே நின்று பார்த்தவள் நான்.

உள்ளே ஏன் போனேன் என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அம்மா அப்போது பெண்கள் வார்டில் கிடந்தாள். வேலைநிறுத்தம் ஆரம்பித்த பிறகு வாசலைத் தாண்டக் கூடாது என்று நீ உள்ளே வந்து அவளைப் பார்க்கவே இல்லை. நான் பின்கதவு வழியாகப் போய்ப் பார்ப்பேன். நாலாம் நாளிலிருந்து விரிப்பு மாற்றவில்லை. மாற்றத் துணி இல்லை, நாம்தான் நிறுத்தியிருந்தோமே. ஈரத்திலேயே கிடந்தாள், முதுகெல்லாம் புண். அவளுக்கும் அந்த வார்டில் இருந்த மற்ற பதினேழு பேருக்கும் துவைக்கத்தான் மூன்று நாள் போனேன். கூலி வாங்கவில்லை. "பெரியவகிட்ட சொல்லிடாதே, அவ கூட்டத்துல தலை நிமிர்ந்து நிக்கட்டும்" என்றாள் அம்மா. அதோடு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சொல்லக் கூடாது என்று சொன்னதை நான் காப்பாற்றினேன்.

உன் மேல் எனக்கும் கோபம் உண்டு. காதுக்காக இல்லை. நீ அழுத்தமாகக் கோபப்பட்டே இருந்துவிட்டாய், என் கோபத்துக்கு இடமே வைக்கவில்லை.

பேத்தியின் ஆறு மாச ரத்தப் பரிசோதனை எப்போது? அதை மட்டுமாவது உடனே எழுது.

தங்கச்சி

ஜூலை 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேத்திக்கு ஒன்றும் இல்லை. நேற்றுத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அம்மாவைப் பற்றி எழுதியதை அதற்கு மேலும் படித்தேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வேறு விஷயம் எழுதுகிறேன்.

போன வாரம் பச்சைக் குடைக்காரிக்கு ஊசி ஏறிவிட்டது. விடுதித் துணியோடு வார்டு விரிப்பு ஒன்று கலந்து போயிருக்கிறது. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விரிப்பை நாலு மூலையும் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, நடுவில் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கஞ்சிச் சட்டை, "போய்க் கழுவிட்டு வா" என்றார். அவள் கழுவப் போகவில்லை. நேராக வாசலுக்கு, எங்களிடம் வந்தாள். பேத்திதான் அவளை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். நான் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். "நீங்கதான் எனக்குத் தண்ணி கொடுத்தீங்க" என்றாள், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்.

மறுநாள் வேன் வந்தது. இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். யாரும் உள்ளே போகவில்லை. எங்களோடு உட்கார்ந்தார்கள். டம்ளர் போதவில்லை.

விடுதி மூட்டைகள் நாலு நாளில் நாறிப்போய், விடுதிக்காரர்களே வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் முதல் தடவையாக மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார். மாசக்கணக்கில் போராடியும் ஒரு வார்டில்கூட விரிப்பு இல்லாமல் போகவில்லையே, எப்படி என்று கேட்டார். பேத்தி என்னைக் காட்டினாள். இந்தத் தடவை நான் சொல்லிவிட்டேன், அது என் தங்கச்சி யோசனை என்று. எழுத்தில் கொடுத்துவிட்டார்: எல்லோருக்கும் தடித்த கையுறை, வார்டுக்கு வார்டு பயன்படுத்திய ஊசியைப் போட டப்பா, மூன்று பேருக்கும் மறுபடி வேலை. கஞ்சிச் சட்டையின் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. இப்போதைக்குச் சட்டை கசங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் முதல் தேதி கையுறை வருகிறது. பழைய ஆட்களையும் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனவர்களும் வரலாமா என்று கேட்டேன். வரலாமாம்.

வா.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் முட்டி மடங்கவில்லை, பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கூடம் அப்படியே இருக்கிறது. தொட்டி, ஈரத் தரை, அந்தச் சலவைச் சோடா வாசனை. உன் ஆணியையும் பார்த்தேன். துருப்பிடித்து, வளைந்து, இன்னும் சுவரில் இருக்கிறது. மற்றவர்கள் கையுறை போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது நீ ஒரு விரிப்பை எடுத்து இரண்டு மூலையை என்னிடம் நீட்டினாய். நான் யோசிக்கவே இல்லை, கை தானாகவே மாற்றிப் பிடித்தது. உதறினோம், வெளிச்சத்தில் தூக்கினோம், தட்டினோம், நடந்து வந்து சேர்ந்தோம். முறுக்கவில்லை. "இவ்வளவு வேகமா மடிப்பீங்களா!" என்று பேத்தி வாயைப் பிளந்தாள்.

பிறகு வாசல் படியில் உட்கார்ந்தோம். நீ என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாய். வலது பக்கம் இடம் இருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாய். நான் திரும்புவதற்குள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாய்.

அது எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் அந்தப் பக்கம் உட்கார்ந்தாய் என்றும் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா?

அதை எழுதி அனுப்பு. கொஞ்சம் பெரிய எழுத்தாக, கண்ணும் முன்னே மாதிரி இல்லை.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் தங்கச்சி

ஆகஸ்ட் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

மன்னிச்சுக்கோடி.

மை இழுவிவிட்டது. காய்கிற வரைக்கும் கையை எடுக்காமல் வைத்திருந்தேன், அதனால்.

அடுத்த தடவை வலது பக்கம் உட்காருகிறேன். வரும்போது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வா. அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

அக்கா